பழைய கார் சிக்னலில் நிற்கும்போது மட்டும் அதிர்கிறது, ஓடும்போது சரியாகிவிடுகிறது. மெக்கானிக் சொல்வதுபோல் இன்ஜின் மவுண்டிங்கை மாற்றிவிடலாமா?

இப்போதைக்கு மாற்றாதீர்கள். மவுண்டிங் கெடவே கெடாது என்று நான் சொல்ல வரவில்லை. இன்ஜினைத் தாங்கிப் பிடிக்கிற ரப்பர்தானே, வருஷம் போனால் வெடிக்கும், தொய்யும். ஆனால் மவுண்டிங் அதிர்வை உண்டாக்குகிற பொருள் இல்லை, அதிர்வு பாடிக்கு வராமல் தடுக்கிற பொருள். இன்ஜினே ஒழுங்காக ஓடவில்லை என்றால் புது மவுண்டிங் போட்டு என்ன பயன்? நடுக்கம் கொஞ்சம் குறையும், கோளாறு அப்படியே இருக்கும்.

"வண்டிக்கு வயசாயிடுச்சு, அப்படித்தான் இருக்கும்" என்று உங்களிடமும் யாராவது சொல்லியிருப்பார்கள். எனக்கு அதைக் கேட்டாலே எரிச்சல் வரும். ஏன் என்று சொல்கிறேன்.

என்னுடையது நாலு சிலிண்டர் பெட்ரோல் கார். நின்றால் ஐடிலிங், அதாவது ஆக்சிலேட்டரை மிதிக்காதபோது இன்ஜின் ஓடும் வேகம், ஏறி இறங்கும், ஸ்டீயரிங் கையில் நடுங்கும், கண்ணாடியில் பின்னால் வரும் வண்டி இரண்டாகத் தெரியும். ஆக்சிலேட்டரை லேசாக மிதித்து 2000 ஆர்.பி.எம். தாண்டினால் ஒன்றுமே நடக்காததுபோல் ஓடும். சர்வீசுக்கு விட்ட இடத்தில் முதலில் மவுண்டிங் எல்லாவற்றையும் மாற்றினார்கள். அப்புறம் பிளக். அப்புறம், "இன்ஜினை இறக்கிப் பார்த்துடலாம் சார்." ஒரு தடவை கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்று அமுங்கும் அழுத்தம்) அளந்து பார்க்காமல் எப்படி இறக்குவீர்கள் என்று கேட்டேன். பதில் இல்லை, வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

(சம்பந்தமில்லாத விஷயம்தான், இருந்தாலும் சொல்லாவிட்டால் மனசு ஆறாது. சர்வீசுக்கு விட்ட வண்டி ஏன் ஒருபோதும் விட்டபடி திரும்பி வருவதில்லை? சீட் கடைசிவரை பின்னால் போயிருக்கும், கண்ணாடி மூன்றும் திரும்பியிருக்கும், ரேடியோவில் நான் கேட்கவே கேட்காத ஸ்டேஷன் முழு சத்தத்தில் அலறும். ஓட்டிப் பார்க்க சீட்டை நகர்த்த வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். ரேடியோ எதற்கு? அதிர்வைக் கேட்கவா?)

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நின்றால் நடுக்கம், வேகம் ஏற்றினால் சரி என்பதே பெரிய துப்பு. ஐடிலிங்கில் த்ராட்டில், அதாவது இன்ஜினுக்குக் காற்றை விடும் கதவு, கிட்டத்தட்ட மூடியிருக்கும், உள்ளே போகும் காற்று மிகக் குறைவு. அப்போது ஏதாவது ஹோஸ் விரிசல் வழியாகக் கணக்கில் வராத காற்று கொஞ்சம் புகுந்தாலே காற்று-பெட்ரோல் கலவை கெட்டுவிடும். த்ராட்டில் திறந்து காற்று நிறையப் போகும்போது அதே விரிசல் பொருட்டே இல்லை. காற்றை அளக்கும் சென்சார் உள்ள வண்டியில் ஸ்கேனர் மாட்டி ஃப்யூயல் ட்ரிம் (கலவையைச் சரிசெய்ய வண்டியின் கம்ப்யூட்டர் பெட்ரோலை எவ்வளவு கூட்டுகிறது, குறைக்கிறது என்ற கணக்கு) பார்த்தால் இது நேரடியாகவே தெரியும்: ஐடிலிங்கில் ப்ளஸ்ஸில் எகிறி நிற்கும், ஆர்.பி.எம். ஏற்றினால் பூஜ்யத்தை நோக்கி இறங்கும். என் வண்டியில் அப்படியேதான் இருந்தது.

அதற்குப் பிறகு டார்ச்சும் கையுமாக ஒவ்வொரு ஹோஸாகத் தடவினேன். வால்வ் கவரிலிருந்து இன்டேக் மானிஃபோல்டுக்கு (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்து அனுப்பும் குழாய்) போகும் ஹோஸ் மேலே பார்க்கப் புதுசுபோல இருந்தது. அடிப்பக்கம், வளைவில், விரல் வைத்தால் ரப்பர் குழகுழவென்று இருந்தது. ஆயில் ஆவி போய்ப் போய் ஊறியிருக்கிறது. லேசாக மடக்கினேன், நகக்கண் அளவுக்கு வாய் திறந்தது. இன்ஜின் ஓடும்போது மானிஃபோல்டை ஒட்டிய பக்கம் ஹோஸை அழுத்திப் பிடித்தேன், நடுக்கம் அப்படியே அடங்கியது. கையை எடுத்தேன், திரும்ப ஆரம்பித்தது. இறக்கச் சொன்ன இன்ஜின் இன்றுவரை இறக்கப்படவில்லை.

உடனே "எல்லா மெக்கானிக்கும் திருடனா?" என்று யாரும் வரிந்துகட்டிக்கொண்டு வர வேண்டாம். நல்ல மெக்கானிக் எனக்கும் தெரியும். அவர்கள் முதலில் கேட்பார்கள், பார்ப்பார்கள், பிறகுதான் ஸ்பேனரை எடுப்பார்கள்.

உங்கள் வண்டியிலும் ஹோஸ்தான் என்று நான் அடித்துச் சொல்ல முடியாது. பானெட்டைத் திறந்து, இன்ஜின் ஓடும்போது பாருங்கள். பெல்ட்டுக்கும் ஃபேனுக்கும் கையைக் கொடுத்துவிடாதீர்கள், ஃபேன் திடீரென்று தானாகச் சுற்றும். இன்ஜின் சீராக ஓடுகிறது, உள்ளே மட்டும் கிர்ரென்று நடுக்கம், ஆட்டோமேட்டிக் வண்டியை டி-யில் போட்டு பிரேக்கை மிதித்தால் அதிகமாகிறது, ஸ்டார்ட் செய்யும்போதும் அணைக்கும்போதும் தடக்கென்று ஒரு இடி என்றால் மவுண்டிங்கைச் சந்தேகப்படலாம். மாற்றினால் போல்ட்டை இன்ஜின் தன் எடையில் இயல்பாக உட்கார்ந்த பிறகு இறுக்கச் சொல்லுங்கள்; ஜாக்கில் தூக்கி வைத்தபடியே இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டு, புது மவுண்டிங்கே நடுக்கத்தைக் கடத்தும்.

இன்ஜினே தட்டுத்தடுமாறி ஆடுகிறது என்றால் ஒரு சிலிண்டர் மிஸ்ஸிங்காக, அதாவது சரியாக எரியாமல், இருக்கலாம். நாலு சிலிண்டர் இன்ஜின் 750 ஆர்.பி.எம்.மில் நொடிக்கு 25 முறை எரிகிறது. ஒரு சிலிண்டர் செத்தால் நொடிக்கு 6 முறை ஒரு பள்ளம் விழும். அது கிர்ரென்று இருக்காது, தனித்தனி உதறலாகக் கைக்குத் தெரியும். இன்ஜெக்டர் (எரிபொருளைத் தெளிக்கும் பாகம்) கனெக்டரை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தால், எதைக் கழற்றும்போது மாற்றமே இல்லையோ அதுதான் வேலை செய்யாத சிலிண்டர். சிலிண்டருக்கு ஒரு காயில் (பிளக்குக்கு மின்சாரம் தரும் பாகம்) உள்ள வண்டி என்றால் அந்தக் காயிலைப் பக்கத்து சிலிண்டருக்கு மாற்றிப் போடுங்கள். மிஸ்ஸிங்கும் கூடவே நகர்ந்தால் காயில். நகராவிட்டால் பிளக், இன்ஜெக்டர், கடைசியாகக் கம்ப்ரஷன்.

மூன்று சிலிண்டர் வண்டி என்றால் கொஞ்சம் நடுக்கம் பிறவிக் குணம், அதைத் தேடி அலையாதீர்கள்.

பெட்ரோலா டீசலா என்றுகூட எழுதாமல் கேள்வி கேட்டிருக்கிறீர்கள். டீசல் என்றால் நான் சொன்னதில் பாதி பொருந்தாது. காமன் ரெயில் (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து உயர் அழுத்த டீசல் போகும்) இன்ஜினாக இருந்தால் மவுண்டிங்கைத் தொடுவதற்கு முன் எல்லா இன்ஜெக்டரின் ரிட்டர்னையும், அதாவது ஒவ்வொன்றும் டேங்குக்குத் திருப்பி அனுப்பும் டீசலையும், அளக்கச் சொல்லுங்கள். மற்றதைவிட ஒன்று மட்டும் அதிகமாகத் திருப்பி அனுப்பினால், அங்கிருந்து தேட ஆரம்பிக்கலாம்.