பாக்மேன் தவளை மண்ணுக்குள் போய்விட்டதா? கேளுங்கள்

கேள்வி: வீட்டில் வளர்க்கும் என் பாக்மேன் தவளை (அகன்ற வாயுள்ள தென் அமெரிக்கத் தவளை) மூன்று வாரமாக மண்ணுக்குள்ளேயே கிடக்கிறது. தோண்டினால் உடம்பெல்லாம் காய்ந்த சருகு மாதிரி ஒரு தோல். செத்துவிட்டதா?

அவசரப்படாதீர்கள், உயிரோடுதான் இருக்கும். இது கோடை உறக்கம். அர்ஜென்டினா, பராகுவே, பொலிவியா பக்கம் கிரான் சாக்கோ என்றொரு வறண்ட நிலம், அங்கே மழை நின்றால் இந்தத் தவளைகள் மண்ணில் புதைந்து, உரியும் தோலைக் கழற்றாமல் அடுக்கடுக்காக மேலேயே விட்டு உறை கட்டிக்கொள்ளும், மூக்குத் துளை மட்டும் திறந்திருக்கும். என்னுடையதைப் பார்த்தபோது எனக்கும் கை நடுங்கியது. வெகுநேரம் குனிந்து பார்த்த பிறகுதான் தொண்டைக்கு அடியில் லேசான துடிப்பு தெரிந்தது.

ஆழமில்லாத கிண்ணத்தில் குளோரின் நீக்கிய தண்ணீரை அறைச் சூட்டில் ஊற்றி, மூக்கு நனையாத அளவில் உட்கார வையுங்கள். தவளை வாயால் குடிக்காது, அடிவயிற்றுத் தோலால்தான் உறிஞ்சும். உறையை நீங்கள் உரிக்கவே கூடாது. ஊறியதும் அதுவே காலால் இழுத்து வாய்க்குள் தள்ளித் தின்றுவிடும். இரண்டு மூன்று நாள் கழித்து ஒரு மண்புழு கொடுங்கள், போதும்.

கேள்வி: உறக்கம் உடம்புக்கு நல்லதாமே, மண்ணைக் காயவிட்டு நானே தூங்க வைக்கலாமா?

வேண்டாம். தண்ணீர் கிடைக்காத ஊரில் உயிர் பிழைக்க அது செய்கிற வேலை, ஓய்வு இல்லை. கோகோபீட் (தேங்காய் நார்த் தூள்) ஈரமாகவும் டேங்க் 24 முதல் 28 டிகிரியிலும் இருந்தால் உறங்காமலே பல வருடம் நன்றாக வாழும்.

கேள்வி: உரிக்க உதவலாமா?

கூடாது. மேலே சொல்லிவிட்டேன்.

கேள்வி: டொராண்டோவில் இருக்கிறேன். இங்கே வுட் ஃபிராக் என்கிற காட்டுத் தவளை பனியில் உறைந்துபோய் வசந்தத்தில் எழுந்து குதிக்கிறது. என் பாக்மேனையும் ஃபிரிட்ஜில் வைத்தால் என்ன?

தயவுசெய்து வைக்காதீர்கள். வுட் ஃபிராக்கின் கல்லீரல் உறையும் நேரத்தில் குளுக்கோஸை உடம்பெங்கும் அனுப்பி, செல்லுக்குள் பனி கட்டாமல் பார்த்துக்கொள்கிறது. இதயம் நின்றும் மீள்வது அதனால்தான். வெப்ப நிலத்துத் தவளைக்கு அந்த ஏற்பாடே கிடையாது.

அதே நபர்: அதுவும் தவளைதானே, கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கினால்?

பழக்கத்தால் வருவதில்லை, தலைமுறை தலைமுறையாக உடம்பில் ஊறியது. உங்கள் வீட்டில் குளிர்காலத்தில் 20 டிகிரிக்குக் கீழே போனாலே இதற்குச் செரிமானம் மந்தமாகி, தின்றது வயிற்றிலேயே அழுகிவிடலாம். ஹீட்டரைப் பாருங்கள். தண்ணீரையும் பாருங்கள், டொராண்டோ குழாயில் குளோரமைன் (குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த கிருமிநாசினி) வருகிறது, திறந்து வைத்தால் போகாது, அதை நீக்க வளர்ப்பு மீன் கடையில் விற்கும் தண்ணீர் கண்டிஷனர் விட வேண்டும்.

கேள்வி: தொடை உட்பக்கம் சிவந்து வீங்கியிருக்கிறது, உறக்கமா?

இல்லை. இன்றே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

கேள்வி: நேரே குழாய்த் தண்ணீர் விடலாமா?

கூடாது, கூடாது. தோல் வழியாகத்தான் குடிக்கிறது.