ஆயுசு பூரா ஓடற சிகிச்சைக்கு எந்த நாட்டுல யார் காசு கட்டறாங்க? கேள்வி பதில்

கேள்வி நிறைய குவிஞ்சிருக்கு. காசு, இன்சூரன்ஸ், விதிமுறை பத்தி மட்டும் கேளுங்க. டோஸ் மாத்தறது, மருந்து மாத்தறது எல்லாம் உங்க டாக்டர்கிட்ட.

கே: அமெரிக்காவுல மெடிகேர்ங்கற அரசு இன்சூரன்ஸ் 65 வயசுக்கு மேலதானாமே? அக்காவுக்கு 41, டயாலிசிஸ் ஆரம்பிக்கப் போறாங்க.

ப: கிட்னிக்கு விதிவிலக்கு உண்டு. 1972-ல போட்ட சட்டப்படி, கிட்னி நிரந்தரமா செயலிழந்தா எந்த வயசுலயும் மெடிகேர் கிடைக்கும், ஆனா அக்காவோ அவங்க வீட்டுக்காரரோ போதுமான காலம் வேலை பாத்து சோஷியல் செக்யூரிட்டி வரி கட்டியிருக்கணும். சென்டருக்குப் போய் பண்ணிக்கிட்டா சாதாரணமா நாலாவது மாசத்துலதான் ஆரம்பிக்கும், வீட்டுலயே பண்ணிக்க முதல் மூணு மாசத்துக்குள்ள ட்ரெயினிங் சேர்ந்துட்டா முதல் மாசத்துலேர்ந்தே கணக்கு. கம்பெனி இன்சூரன்ஸ் இருந்தா முதல் 30 மாசம் அதுதான் முன்னாடி கட்டும், அவசரப்பட்டு அதை விட்டுடாதீங்க. இன்னொண்ணு, மெடிகேர்ல டாக்டர், டயாலிசிஸ் செலவைப் பாக்கற பார்ட் பி-ங்கற பகுதி 80 சதவீதம்தான் கட்டும், மீதி 20-க்கு உச்சவரம்பே கிடையாது, வாரம் மூணு தடவை டயாலிசிஸ்னா அந்த 20 எங்க போய் நிக்கும்னு பாருங்க. அதனாலதான் எல்லார்கிட்டயும் சொல்றேன், "கவர் ஆகுமா"ன்னு கேக்காதீங்க, "வருஷத்துக்கு என் கையிலேர்ந்து அதிகபட்சம் எவ்வளவு போகும், அந்த வரம்புல எது சேராது"ன்னு கேளுங்க.

கே: எந்த நாட்டுல எல்லாமே ஃப்ரீ?

ப: எங்கயும் இல்ல.

கே: ஜெர்மனிக்கு வேலைக்குப் போறேன். மூட்டுவாதத்துக்கு பயாலஜிக்ங்கற விலை கூடின ஊசி ஓடிட்டிருக்கு.

ப: அரசு சார்ந்த காப்பீட்டு நிதியில சேருங்க. சம்பளம் அதிகம்னா பிரைவேட்ல சேரச் சொல்லி ஆசை காட்டுவாங்க, ஏற்கனவே வியாதி இருக்கறவங்களுக்கு அங்க பிரீமியத்தை ஏத்துவாங்க. பொது நிதியில ஒரு மருந்துக்கு 10 சதவீதம் நீங்க கட்டணும், ஆனா 5 யூரோவுக்குக் குறையாது, 10-ஐத் தாண்டாது. வருஷத்துக்கு மொத்தம் குடும்ப வருமானத்துல 2 சதவீதம்தான் வரம்பு, நாள்பட்ட நோயாளின்னு டாக்டர் எழுதிக் கொடுத்தா 1 சதவீதம். ஆனா தானா எதுவும் நடக்காது! பார்மசி ரசீது ஒண்ணு விடாம சேத்து வச்சு நீங்களே விண்ணப்பிக்கணும், அப்புறம்தான் மீதி வருஷத்துக்கு விலக்கு அட்டை வரும்.

கே: ஜப்பான்ல?

ப: மாசாமாசம் வருமானத்துக்கேத்த உச்சவரம்பு இருக்கு. டயாலிசிஸுக்குத் தனி ஏற்பாடு, பெரும்பாலானவங்களுக்கு மாசம் 10,000 யென், வருமானம் அதிகம்னா 20,000. அதுக்கான சான்றிதழை முன்கூட்டியே வாங்கி ஆஸ்பத்திரியில காட்டணும்.

கே: கனடாவுல எல்லாம் ஃப்ரீதானே?

ப: மறுபடியுமா! டாக்டரும் ஆஸ்பத்திரியும் சரி. வீட்டுல போடற மாத்திரை மாகாணத்துக்கு மாகாணம் வேற, போறதுக்கு முன்னாடி அந்த மாகாணத்து மருந்துத் திட்டத்தைப் பாருங்க.

கே: பிரிட்டன்ல எந்த மருந்துக்கு அரசு காசு கட்டலாம்னு சொல்ற நைஸ் அமைப்பு ஒரு உயிருக்கு இவ்வளவுதான்னு விலை போடுது. இதைப் போய் நல்ல சிஸ்டம்னு எப்படி சொல்ல முடியும்?

ப: உயிருக்கு விலை போடல. ஒரு மருந்து கூடுதலா தர்ற, நல்லபடியா வாழற ஒரு வருஷத்துக்கு எவ்வளவு செலவுன்னு பாக்கறாங்க. ரொம்ப வருஷமா 20,000-லேர்ந்து 30,000 பவுண்டுதான் அளவுகோலா இருந்துது, ரொம்ப அரிய நோய்க்கு அது பல மடங்கு கூடும். நைஸ் ஓகே சொல்லிட்டா இங்கிலாந்துல என்ஹெச்எஸ்ங்கற அரசு மருத்துவ சேவை அதைக் கொடுத்தே ஆகணும்.

அதே நண்பர்: ஓகே சொல்லலன்னா? சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ்ங்கற பரம்பரை நுரையீரல் நோய் இருக்கற பிள்ளைங்களைக் கேளுங்க.

ப: நியாயமான கேள்வி. அந்த நோய்க்கான ஆர்காம்பி மாத்திரையை நைஸ் 2016-ல வேண்டாம்னாங்க, கம்பெனியோட பேரம் படிஞ்சது 2019 அக்டோபர்ல. நடுவுல பிள்ளைங்களோட நுரையீரல் காத்திருக்காது, அந்தப் பெத்தவங்க கோவத்துல எனக்கும் பங்கு உண்டு. ஆனா கம்பெனி கேட்ட விலை ஒரு வருஷத்துக்கு ஒரு லட்சம் பவுண்டுக்கு மேல, அதை அப்படியே கொடுத்தா அடுத்த கம்பெனி இன்னும் கேக்கும். கணக்குப் பாக்காத நாடே இல்ல. சில இடத்துல அரசாங்கம் வெளிப்படையா பாக்குது, சில இடத்துல இன்சூரன்ஸ் கம்பெனி கதவைச் சாத்திட்டு பாக்குது. வெளிப்படையா இருந்ததாலதான் அந்தப் பெத்தவங்களுக்கு யார்கிட்ட சண்டை போடணும்னாவது தெரிஞ்சுது.

அதே நண்பர்: அப்பவும் மூணு வருஷம் மூணு வருஷம்தான்.

ப: ஆமா. மறுக்க மாட்டேன். பேரம் முடியறவரைக்கும் நோயாளிக்கு மருந்து போயிட்டே இருக்கணும்னு சட்டம் வேணும்ங்கறதுதான் என் கட்சி.

கே: டூரிஸ்ட் விசாவுல போய் இந்த சிகிச்சையெல்லாம் எடுக்கலாமா?

ப: முடியாது. நான் மேல சொன்னதெல்லாம் அங்க முறையா வசிக்கறவங்களுக்கு. பிரான்ஸ்ல நீண்டகால நோய்ப் பட்டியல்ல வந்தா அந்த நோய்க்கான சிகிச்சையை 100 சதவீதக் கணக்குல எடுத்துக்குவாங்க, அதுக்கும் முதல்ல அந்த நாட்டுக் காப்பீட்டுல சேந்திருக்கணும், டாக்டர் படிவம் அனுப்பியிருக்கணும். டிக்கெட் போடறதுக்கு முன்னாடி விசா விதியைப் படிங்க.