முடிந்தும் வெளிவராத வீடியோ கேம்கள்: வாசகர் கேள்விகள்

கேள்வி: பல ஆண்டுகள் உழைத்து, ஏறக்குறைய முடித்துவிட்ட வீடியோ கேமைக்கூடச் சில நிறுவனங்கள் கைவிட்டுவிடுகின்றனவே, ஏன்? விற்றால் போட்ட பணத்தில் கொஞ்சமாவது திரும்பக் கிடைக்காதா?

பதில்: போட்ட பணம் போனதுதான், நிறுவனம் கணக்குப் பார்ப்பது இனிமேல் போட வேண்டிய பணத்தை. பிழை சோதனை, மொழிபெயர்ப்பு, கன்சோல் (தொலைக்காட்சியோடு இணைத்து விளையாடும் கருவி) தயாரிப்பாளரின் ஒப்புதல், எல்லாவற்றுக்கும் மேலாக விளம்பரம் என்று, விளையாட்டு முடிந்த பிறகும் செலவு நிற்பதில்லை. ஆகவே, மோசமாக இருந்ததால்தான் நிறுத்தினார்கள் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. பல சமயம் காலம்தான் தப்பியிருக்கும்.

நின்டெண்டோவின் 'ஸ்டார் ஃபாக்ஸ் 2' அப்படிப்பட்டதுதான். சூப்பர் நின்டெண்டோ கன்சோலுக்கான இந்த விளையாட்டை 1995-இல் ஏறக்குறைய முழுமையாகவே முடித்து வைத்திருந்தார்கள். முப்பரிமாண உருவங்களைக் கணக்கிட்டு வரைவதற்கென்றே சூப்பர் எஃப்எக்ஸ் 2 என்ற தனி சிப்பை அதன் கார்ட்ரிட்ஜுக்குள் (விளையாட்டைப் பதிந்து கன்சோலில் செருகும் சிறு பெட்டி) வைக்க வேண்டியிருந்தது. ஆனால் அதற்குள் சோனியின் பிளேஸ்டேஷனும் சேகாவின் சாட்டர்னும் சந்தைக்கு வந்துவிட்டன. நின்டெண்டோ 64-உம் 1996-இல் வரவிருந்தது. பழைய கன்சோலின் கரடுமுரடான உருவங்களைப் புதியவற்றோடு பக்கத்தில் வைத்துப் பார்க்க ஆட்டக்காரர்களுக்கு நாமே ஏன் வாய்ப்பளிக்க வேண்டும் என்று நிர்வாகம் அதை நிறுத்திவிட்டது. இருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்து, 2017 செப்டம்பரில் பழைய கன்சோலின் சிறு வடிவமாக வந்த குட்டி சூப்பர் நின்டெண்டோவில் இருந்த 21 விளையாட்டுகளில் ஒன்றாக அது முதன்முறையாக முறைப்படி வெளியானது. அதிலும், முதல் 'ஸ்டார் ஃபாக்ஸ்' விளையாட்டின் முதல் கட்டத்தை வென்றால்தான் இது திறக்கும் என்று ஒரு பூட்டு வேறு!

நிறுவனம் கைமாறுவது இன்னொரு காரணம். 'ஸ்டார் வார்ஸ் 1313' விளையாட்டை 2012 ஜூனில் காட்டியபோது பலத்த வரவேற்பு இருந்தது. அதே ஆண்டு அக்டோபரில் 'ஸ்டார் வார்ஸ்' படங்களின் நிறுவனமான லூகாஸ்ஃபிலிமை வாங்குவதாக டிஸ்னி அறிவித்தது. 2013 ஏப்ரலில் அதன் வீடியோ கேம் கிளையான லூகாஸ்ஆர்ட்ஸின் தயாரிப்புப் பிரிவை மூடியபோது 1313-உம் அதோடு முடிந்தது.

கேள்வி: கைவிட்டால் அத்தனை பேரின் உழைப்பும் குப்பைக்குத்தான் போகுமா?

பதில்: எப்போதும் இல்லை. பிளிஸார்ட் நிறுவனம் ஏழாண்டுகள் செலவிட்ட 'டைட்டன்' என்ற பெரிய இணைய விளையாட்டைக் கைவிட்டதாக 2014-இல் அறிவித்தது. அந்தக் குழுவில் மிஞ்சியவர்கள் அதன் சிதறல்களிலிருந்து உருவாக்கியதுதான் 2016-இல் வெளிவந்து வெற்றி கண்ட 'ஓவர்வாட்ச்'.

கேள்வி: வெளிவராத விளையாட்டைச் சிலர் விளையாடியதாகச் சொல்கிறார்களே, அது எப்படி அவர்கள் கைக்குக் கிடைக்கிறது?

பதில்: சோதனைக்காகவும் பத்திரிகை விமர்சனத்துக்காகவும் கொடுக்கும் மாதிரிக் கார்ட்ரிட்ஜுகளும் வட்டுகளும் எல்லாம் அலுவலகத்துக்குத் திரும்பிவிடுவதில்லை. அவற்றில் ஒன்று என்றோ ஒருநாள் சேகரிப்பாளர் ஒருவரிடம் போய்ச் சேர்கிறது.

இவற்றுள் எனக்கு மிகவும் பிடித்தது 'மதர்' விளையாட்டின் கதை. 1989-இல் ஜப்பானில் வந்த இந்த விளையாட்டை 1990-இல் நின்டெண்டோவின் அமெரிக்கக் கிளை ஆங்கிலத்தில் முழுமையாக மொழிபெயர்த்தது; அமெரிக்காவுக்கேற்ப சில படங்களை மாற்றியது, முடிவுக் காட்சியையும் நீட்டியது, ஆனால் வெளியிடவில்லை. 1998-இல் அதன் மாதிரிக் கார்ட்ரிட்ஜ் ஒன்று வெளிப்பட்டதும், ஆர்வலர்கள் பணம் திரட்டி, அதிலிருந்த தரவைப் பிரதியெடுத்து இணையத்தில் ஏற்றினார்கள். இது உண்மையானதா, யாரோ ரசிகர் செய்த போலியா என்ற சந்தேகம் உடனே கிளம்பியது. 2003-இல் ஜப்பானில் கேம்பாய் அட்வான்ஸ் என்ற கையடக்கக் கருவிக்கு நின்டெண்டோ வெளியிட்ட மறுபதிப்பைத் திறந்தால், அந்தக் கார்ட்ரிட்ஜில் இருந்த அதே மாற்றங்கள், அதே நீண்ட முடிவு! சந்தேகம் அத்தோடு தீர்ந்தது. ஆங்கிலப் பதிப்பு முறைப்படி வெளிவர 2015 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இத்தகைய பிரதியெடுப்பு உரிமைச் சட்டத்துக்குப் புறம்பானது என்ற வாதத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் உரிமையாளரே மறந்து பூட்டி வைத்திருந்ததை இத்தனை ஆண்டுகள் உயிரோடு வைத்திருந்தவர்கள் அந்த ஆர்வலர்கள்தாம்.

கேள்வி: இணையத்திலேயே தரவிறக்கும் இக்காலத்தில் எதுவும் தொலையாது அல்லவா?

பதில்: நேர்மாறாகத்தான் நடக்கிறது. 2014 ஆகஸ்டில் பிளேஸ்டேஷன் 4-க்கு 'பி.டி.' என்ற சிறிய திகில் விளையாட்டு இலவசமாக வந்தது. ஒரே வீட்டு நடைவழியைத் திரும்பத் திரும்பக் கடக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் ஏதோ ஒன்று மாறியிருக்கும். வீடியோ கேம் வடிவமைப்பாளர் ஹிடியோ கோஜிமாவும் திரைப்பட இயக்குநர் கியர்மோ டெல் டோரோவும் சேர்ந்து உருவாக்கவிருந்த 'சைலன்ட் ஹில்ஸ்' விளையாட்டின் முன்னோட்டம் அது. 2015 ஏப்ரலில் அதன் வெளியீட்டு நிறுவனமான கொனாமி பெரிய விளையாட்டை ரத்து செய்தது மட்டுமின்றி முன்னோட்டத்தையும் பிளேஸ்டேஷனின் இணையக் கடையிலிருந்து நீக்கியது. முன்பே பெற்றவர்கள்கூட அழித்துவிட்டால் மறுபடி இறக்க முடியாமல் போயிற்று. ஆகவே 'பி.டி.' உள்ளே இருக்கும் பழைய கன்சோலையே அதிக விலைக்கு விற்கத் தொடங்கினார்கள்.

கேள்வி: 'ஹாஃப்-லைஃப் 2: எபிசோட் 3' இனி வருமா?

பதில்: நான் காத்திருக்கவில்லை. 'ஹாஃப்-லைஃப் 2' என்ற துப்பாக்கிச் சண்டை விளையாட்டின் கதையைத் தொடரும் பகுதியாக 2006-இல் வால்வ் நிறுவனம் அறிவித்த அது, ரத்தானதாக முறையான அறிவிப்பு எதுவும் வராமலேயே பேச்சிலிருந்து மறைந்தது. கதாசிரியர் மார்க் லெய்ட்லா 2017-இல், நிறுவனத்தை விட்டு விலகிய பிறகு, பாத்திரங்களின் பெயர்களை மாற்றி ஒரு கடித வடிவில் அக்கதையை வெளியிட்டார். 2024 நவம்பரில், 'ஹாஃப்-லைஃப் 2'-இன் 20-ஆம் ஆண்டு நிறைவையொட்டி வால்வ் வெளியிட்ட ஆவணப்படத்தில், பனியை உமிழும் துப்பாக்கி உள்ளிட்ட சில சோதனைக் காட்சிகளும் இடம்பெற்றன. கதையை முடித்து வைப்பதற்காக மட்டும் ஒரு விளையாட்டை வெளியிடுவது பொறுப்பைத் தட்டிக் கழிப்பதாகும் என்ற பொருளில் நிறுவனர் கேப் நியூவெல் அதில் பேசியிருக்கிறார். பாதிக் கதையில் நிற்கும் ரசிகருக்கு இந்த விளக்கம் போதாது என்பதே என் கருத்து.