சிங்கப்பூரில் தொட்டதற்கெல்லாம் அபராதம், யானை விலை என்கிறார்களே, நிஜமா?

பாதி நிஜம். சூயிங்கம் விற்கவும் இறக்குமதி செய்யவும்தான் 1992 முதல் தடை, மென்றதற்காக யாரையும் பிடித்துக்கொண்டு போவதில்லை. விலைவாசியை ஒரே வார்த்தையில் சொல்ல முடியாது: கார் வேண்டுமென்றால் பத்து வருட வாகன உரிமைச் சான்றிதழ் மட்டுமே சில ஏலங்களில் ஒரு லட்சம் வெள்ளியை (சிங்கப்பூர் டாலரை) தாண்டியிருக்கிறது (எம்ஆர்டி என்ற மெட்ரோ ரயில் இருக்கும் ஊரில் கார் எதற்கு என்பது என் கட்சி), அதே ஊரில் லிட்டில் இந்தியா பகுதியின் தேக்கா உணவங்காடியில் சில வெள்ளிக்குப் பரோட்டாவும் தே தாரிக்கும் (ஆற்றிய பால் தேநீர்) முடித்துவிட்டு வரலாம்.

உண்மையில் கடிப்பது வாடகை. குடிமக்கள், நிரந்தரவாசிகளில் பெரும்பாலோர் வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கட்டிய வீடுகளில் இருக்கிறார்கள். வேலை அனுமதியில் வருகிறவர் அவற்றை வாங்க முடியாது, வாடகைக்குத்தான் எடுக்க வேண்டும். அதனால் சம்பளத்தைப் பேசும்போதே வாடகையைக் கழித்துப் பாருங்கள்.