கல்லூரி திறக்க ஐந்து வாரங்கள்: முதல் பருவப் பாடங்களை முன்கூட்டியே படிக்க வேண்டுமா?

கேள்வி: திருவண்ணாமலை மாவட்டத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்த மாணவி நான். கலந்தாய்வில், அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரி ஒன்றில் மின்னணுவியல் மற்றும் தகவல் தொடர்புப் பொறியியல் பிரிவில் இடம் கிடைத்திருக்கிறது. எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போகும் முதல் ஆள் நான்தான். வகுப்பு தொடங்க ஐந்து வாரம் இருக்கிறது. அதற்குள் முதல் பருவப் பாடங்களை முடித்துவிட வேண்டும் என்று சிலர் சொல்கிறார்கள். அப்பா 18,000 ரூபாய் கடன் வாங்கிக் கணினிப் பயிற்சி மையம் ஒன்றில் என்னைச் சேர்த்துவிடலாம் என்கிறார். கல்லூரியில் சேர்ந்த வயதில் இருந்த உங்களுக்கு இன்று நீங்களே ஆலோசனை சொல்ல முடிந்தால், என்ன சொல்வீர்கள்?

பதில்: பணத்தைப் பற்றிய பகுதிக்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன். கடன் வாங்க வேண்டாம். நிரலாக்கம் முதலாண்டுப் பாடத்திலேயே இருக்கிறது. கணினியைத் தொட்டே பார்க்காதவர்களும் வகுப்பில் இருப்பார்கள் என்று எண்ணித்தான் அதை அடிப்படையிலிருந்து தொடங்குகிறார்கள். இருபத்து நான்கு ஆண்டுகள் முதலாண்டு மாணவர்களுக்குப் பாடம் நடத்தியவள் என்ற முறையில் சொல்கிறேன்: பயிற்சி மையத்தில் ஒரு மாதம் படித்துவிட்டு வந்தவருக்கும் வராதவருக்கும் உள்ள வேறுபாடு, முதல் உள்மதிப்பீட்டுத் தேர்வு முடிவதற்குள் பெரும்பாலும் மறைந்துவிடுகிறது. மறையாமல் நான்கு ஆண்டும் நீடிக்கும் வேறுபாடு ஒன்று உண்டு. அதை விளக்க என் கதையைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பொறியியல் சேர்க்கைக்கு நுழைவுத் தேர்வும் எழுத வேண்டியிருந்த காலத்தில், 1990-களின் தொடக்கத்தில், உங்களைப் போலவே தமிழ் வழியிலிருந்து நேரே பொறியியல் வகுப்புக்குப் போனவள் நான். பள்ளியில் கணிதம் எனக்கு நன்றாகவே வந்தது. கல்லூரியில் கணித வகுப்பின் இரண்டாம் வாரத்தில், ஆசிரியர் 'நான்-டிரிவியல் சொல்யூஷன்' என்ற தொடரைத் திரும்பத் திரும்பச் சொன்னார். எனக்கு அது விளங்கவில்லை. வகுப்பில் எல்லோருக்கும் தெரிந்த ஏதோ புதிய பாடம் அது, எனக்கு மட்டும்தான் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டு தலையைக் குனிந்து எழுதிக்கொண்டிருந்தேன். அணிகள் பாடத்தில் அடுத்து வரும் ஐகன் மதிப்புகளும் ஐகன் வெக்டர்களும் முழுக்க அந்தத் தொடரின் மீதுதான் நிற்கின்றன என்பதால், அதற்குப் பிறகு கரும்பலகையில் வந்தது எதுவும் எனக்குள் இறங்கவில்லை. ஆறு வாரம் கழித்து, விடுதியில் ஓர் அக்கா என் பழைய பள்ளிப் புத்தகத்தைப் புரட்டி, "இதுதானே அது?" என்று காட்டினார். டிரிவியல் சொல்யூஷன் என்பது, எல்லா மாறிகளும் பூச்சியமாக அமையும் 'வெளிப்படைத் தீர்வு'; நான்-டிரிவியல் என்பது அது அல்லாத தீர்வு. அதை நான் பன்னிரண்டாம் வகுப்பிலேயே படித்து, அதில் முழு மதிப்பெண்ணும் வாங்கியிருந்தேன். தெரிந்த பாடத்தை வேறு பெயரில் கேட்டு, தெரியாத பாடம் என்று நம்பி, ஆறு வாரம் வாய் திறக்காமல் இருந்ததன் விலையாக அந்தக் கணிதத் தாள் எனக்கு அரியர் ஆனது.

ஆகவே, அந்த வயதில் இருந்த எனக்கு இன்று ஒன்றே ஒன்று சொல்ல முடியும் என்றால், ஒன்று புரியாமல் போனால் அந்த நிலையில் ஒரு நாளுக்கு மேல் மௌனமாக இருக்காதே என்பதைத்தான் சொல்வேன். பள்ளியில் அந்த மௌனம் நம்மைப் பெரிதாகத் தண்டிப்பதில்லை. ஓராண்டு முழுவதும் ஒரே புத்தகம், பாடத்தின் பின்பகுதியில் இருக்கும் வினாக்கள், திருப்புதல் தேர்வுகள் என்று ஒரே பாடம் மூன்று முறையாவது நம்மிடம் திரும்பி வருகிறது. கல்லூரியில் ஒரு பருவம் என்பது ஏறக்குறைய நான்கு மாதம். ஒரு பாடத்தின் ஐந்து அலகுகளும் அதற்குள் முடிந்துவிடும், எந்த அலகும் உங்களுக்காகத் திரும்பி வராது. தேர்ச்சிக்கும் பள்ளியில் இருந்த 35 போதாது. மொத்தத்தில் 50 வேண்டும்.

இந்த ஐந்து வாரத்தில் அந்த மௌனத்துக்கான காரணங்களைக் குறைத்துக்கொள்ள முடியும். முதற்காரணம் சொற்கள். தமிழ்நாடு பாடநூல் கழகம் வெளியிடும் பன்னிரண்டாம் வகுப்புக் கணித நூல் தமிழ், ஆங்கிலம் ஆகிய இரண்டு மொழிகளிலும் இருக்கிறது. இணையத்தில் கட்டணமின்றிப் பதிவிறக்கலாம். தமிழ் நூல் உங்களிடமே இருக்கும். ஆங்கில நூலைக் கைப்பேசியில் இறக்கிக்கொண்டு, இரண்டையும் அருகருகே வைத்துப் படியுங்கள். பாட வரிசையும் எடுத்துக்காட்டுக் கணக்குகளும் ஒன்றே என்பதால், கணக்கு ஏற்கெனவே தெரிந்த நிலையில் மொழி மட்டுமே புதிதாக இருக்கும். ஆங்கிலத்தைக் கற்றுக்கொள்ள இதைவிட எளிய படிக்கட்டு எனக்குத் தெரியவில்லை. அணிக்கோவை டிட்டர்மினன்ட் ஆகும், அணித்தரம் ரேங்க் ஆகும், சார்பு ஃபங்ஷன் ஆகும், வகையிடல் டிஃபரன்ஷியேஷன் ஆகும், தொகையிடல் இன்டக்ரேஷன் ஆகும். இயற்பியல் நூலில் மின்தேக்கி கெபாசிட்டராகவும் உந்தம் மொமென்டமாகவும் முடுக்கம் ஆக்சிலரேஷனாகவும் வரும். இவற்றை ஒரு நாற்பது பக்க நோட்டில் உங்கள் கையெழுத்திலேயே எழுதி வாருங்கள். முழு நூலையும் முடிக்க வேண்டியதில்லை. கணிதத்தில் அணிகள், கலப்பு எண்கள், வகை நுண்கணிதம், தொகை நுண்கணிதம், இயற்பியலில் மின்னியல் சார்ந்த அலகுகள் ஆகியவை மட்டும் போதும். உங்கள் பிரிவுக்கு அடித்தளம் அவைதான்.

கலைச்சொற்களைவிட அதிகமாக இடறுபவை, அவற்றுக்கு நடுவே வரும் சிறு சொற்கள். 'ஹென்ஸ்' (ஆகவே), 'வேர்ஆஸ்' (ஆனால், மாறாக), 'ரெஸ்பெக்டிவ்லி' (முறையே), 'சச் தட்' (என்னுமாறு) போன்றவற்றின் பொருள் பிடிபட்டுவிட்டால், பொறியியல் நூலின் ஒரு பத்தியை அகராதி இல்லாமலே பெரும்பாலும் கடந்துவிடலாம். பேச்சு ஆங்கில வகுப்பு இப்போது தேவையில்லை என்பது என் கருத்து. வேலைவாய்ப்பு நேர்காணலுக்கு அது வேண்டும்தான்; அதற்கு இன்னும் மூன்றாண்டு இருக்கிறது. முதலாண்டில் உங்களைக் காப்பாற்றுவது படித்துப் புரிந்துகொள்ளும் ஆங்கிலம்.

இரண்டாம் காரணம் படிக்கும் முறை. ஒரு பாடத்தை நான்கு முறை வாசித்தால் அது தெரிந்துவிட்டது போன்ற ஓர் உணர்வு வரும். அந்த உணர்வை நம்ப முடியாது. ரோடிகர், கார்பிக் என்னும் இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்களில் ஒரு பகுதியினரை ஒரு பத்தியைத் திரும்பத் திரும்ப வாசிக்கச் செய்தார்கள். மற்றவர்களை ஒரு முறை வாசித்தபின் நூலை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதச் செய்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துத் தேர்வு வைத்தபோது திரும்ப வாசித்தவர்களே மேலாக நின்றார்கள். ஒரு வாரம் கழித்து வைத்தபோது நினைவிலிருந்து எழுதியவர்கள் தெளிவாக முந்தினார்கள். தேர்வுக்கு முந்தைய இரவு எல்லாம் தெரிந்ததாகத் தோன்றுவதும், அடுத்த வாரம் ஒன்றும் நிற்காமல் போவதும் இதனால்தான். எனவே எடுத்துக்காட்டுக் கணக்கு ஒன்றைப் படித்ததும் நூலை மூடி, வெற்றுத்தாளில் முதல் வரியிலிருந்து போட்டுப் பாருங்கள். நடுவில் நின்றுவிட்டால் உடனே விடையைத் திறக்காமல், எந்த வரியில், எதனால் நின்றது என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். அந்த வாக்கியம்தான், நாளை கல்லூரியில் ஆசிரியரிடம் நீங்கள் கேட்கப்போகும் கேள்வி. "ஒண்ணுமே புரியலை, மேடம்" என்று வருகிற மாணவிக்கு எங்கிருந்து தொடங்குவது என்று எங்களுக்கே தெரிவதில்லை, "மூன்றாம் வரியில் குறி ஏன் மாறியது?" என்று கேட்பவருக்கு இரண்டு நிமிடத்தில் உதவிவிடலாம். தமிழிலேயே கேளுங்கள். தமிழில் கேட்டதற்காக எந்த நல்ல ஆசிரியரும் உங்களைக் குறைத்து மதிப்பிட மாட்டார். வகுப்பில் எழுந்து கேட்கத் தயக்கமாக இருந்தால், துறை அறைக்குப் போய்க் கேளுங்கள். ஆனால் அன்றே கேட்டுவிடுங்கள். ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் என்.பி.டி.இ.எல். (NPTEL) காணொளி விரிவுரைகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன என்றாலும், வகுப்பு தொடங்கிய பிறகு விட்டுப்போன இடத்தை நிரப்ப அவற்றைப் பயன்படுத்துங்கள், இப்போது வேண்டாம்.

ஆவணங்களைப் பொறுத்தவரை சுருக்கமாகச் சொல்கிறேன். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காட்டு உள் ஒதுக்கீட்டில் உங்களுக்கு இடம் கிடைத்திருந்தால், கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. உங்கள் ஒதுக்கீட்டு ஆணையைப் பார்த்து இதை முதலில் உறுதி செய்யுங்கள். பொதுப் பிரிவில் கிடைத்திருந்தால், முதல் தலைமுறைப் பட்டதாரிக்கான சான்றிதழை இ-சேவை மையத்தின் வழியாக இப்போதே விண்ணப்பித்து வாங்கிவிடுங்கள். கல்விக் கட்டணச் சலுகைக்கு அது வேண்டும், குடும்பத்தில் ஒருவருக்குத்தான் அது கிடைக்கும். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவர் என்பதால், 2022-இல் தொடங்கப்பட்ட புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் பெறும் தகுதியும் உங்களுக்கு இருக்கிறது. விண்ணப்பம் கல்லூரி வழியாகவே போகும். உங்கள் பெயரில் ஆதார் இணைக்கப்பட்ட வங்கிக் கணக்கு இருந்தால் அலைச்சல் குறையும். மூலச் சான்றிதழ்களைக் கல்லூரியில் கொடுக்கும் முன் ஒவ்வொன்றிலும் ஐந்து நகல் எடுத்துக்கொள்ளுங்கள். வருகைப் பதிவு 75 விழுக்காட்டுக்குக் கீழே போனால் பருவத் தேர்வு எழுதுவதில் சிக்கல் வரும் என்பதையும், ராகிங் எந்த வடிவில் வந்தாலும் 1800-180-5522 என்ற எண்ணில் எந்த நேரமும் புகார் செய்யலாம் என்பதையும் அப்பாவிடமும் சொல்லி வையுங்கள்.

கடன் வாங்காமலே கையில் கொஞ்சம் பணம் இருக்குமானால், அதை மடிக்கணினிக்காகவும் இப்போது செலவிட வேண்டாம். முதலாண்டுக்குக் கல்லூரியின் கணினி ஆய்வகமே போதும். நல்ல அறிவியல் கால்குலேட்டர் ஒன்றை மட்டும் புதிதாக வாங்குங்கள், நான்கு ஆண்டும் உழைக்கும். பொறியியல் வரைபட வகுப்பில் கோடு வரையப் பயன்படும் மினி டிராஃப்டர் என்ற கருவியைக் கடையில் வாங்காதீர்கள். முதலாண்டு முடிந்ததும் அதை யாரும் தொடுவதில்லை. விடுதியில் இரண்டாமாண்டு அக்காக்களின் கட்டிலுக்கு அடியில்தான் கிடக்கும். சேர்ந்த முதல் வாரத்திலேயே போய்க் கேளுங்கள், பாதி விலைக்கோ சும்மாவோ கொடுத்துவிடுவார்கள்.