இங்கிலாந்தில் மனநலச் சட்ட வரைவைச் சிகிச்சை பெறுபவர்களே எதிர்த்தது ஏன்?

சிகிச்சையே வேண்டாம் என்று அவர்கள் சொல்லவில்லை. கட்டாயத்துக்குப் பயந்து யாரும் டாக்டரிடமே போகமாட்டார்கள் என்பதுதான் கவலை. 2002 வரைவு, வீட்டில் வாழ்பவரையும் கட்டாய சிகிச்சைக்குள் கொண்டுவரப் பார்த்தது. குற்றமே செய்யாதவரையும் 'ஆபத்தானவர்' என்று அடைத்துவைக்க வழிவிட்டது. விருப்பமில்லாமல் ஊசி போட்டுக்கொள்வது எப்படிப்பட்டது என்று அனுபவித்தவர்களுக்குத்தானே தெரியும்! அவர்களோடு மனநல மருத்துவர்களும் ஒரே அணியில் நின்றது பெரிய விஷயம்.

2004-இல் திருத்திய வரைவு வந்தது; 2006-இல் அரசு அதைக் கைவிட்டது. சரி, முழு வெற்றியா? இல்லை. 2007 திருத்தச் சட்டம் வழியாகச் சமூக சிகிச்சை ஆணை, அதாவது மருத்துவமனையிலிருந்து வெளியே வந்தவரும் நிபந்தனைகளுக்கு உட்பட்டு சிகிச்சையைத் தொடரவேண்டும் என்ற ஆணை, நுழைந்துவிட்டது. அந்த ஆணையால் மறுபடி மருத்துவமனையில் சேர்வது குறையவில்லை என்று 2013-இல் ஓர் ஆய்வு காட்டியது.