கேள்வி பதில்: எடை போட்டால் சந்தேகப்பட்டதாகிவிடுமா?

கேள்வி: செவ்வாய்ப்பேட்டையில் சின்னதாக ஒரு கொலுசு பட்டறை வைத்திருக்கிறேன். வெள்ளியை எடை போட்டுக் கொடுத்து, வீட்டிலேயே செய்து தருகிற ஆட்களிடம் கூலிக்கு வேலை வாங்குகிறேன். அதில் ஒருவர் கொண்டுவரும் சரக்கில் கொஞ்ச காலமாக மற்றவர்களைவிடச் சேதாரம் கூடுதலாக வருகிறது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகையின் பயானில் (சொற்பொழிவில்) பள்ளிவாசல் ஹஜ்ரத் 'பிறரைப் பற்றி நல்லதையே நினையுங்கள்' என்றார். அப்படியென்றால் அவரிடம் கணக்குக் கேட்கக் கூடாதா? இதுவரை அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. பக்கத்துப் பட்டறைக்காரரிடம் மட்டும் 'அவருக்கு வேலை கொடுத்தால் பார்த்துக் கொடுங்கள்' என்று சொல்லிவைத்தேன்.
– வாசகர், சேலம்

பதில்: தலைகீழாகச் செய்திருக்கிறீர்கள் பாய். கேட்க வேண்டியவரிடம் கேட்கவில்லை, சொல்லக் கூடாதவரிடம் சொல்லிவிட்டீர்கள்.

ஹஜ்ரத் பேசியது அநேகமாக குர்ஆனின் ஹுஜுராத் அத்தியாயத்தின் 12வது வசனத்தை வைத்துத்தான் இருக்கும். 'சந்தேகங்களில் பலவற்றைத் தவிர்த்துக்கொள்ளுங்கள், சில சந்தேகங்கள் பாவமாகும்' என்று அது தொடங்குகிறது. அடுத்து துருவித் துருவி ஆராயாதீர்கள் என்கிறது, அதற்கும் அடுத்து புறம் பேசாதீர்கள் என்று சொல்லி, செத்துப்போன சகோதரனின் மாமிசத்தைத் தின்ன உங்களில் யாராவது விரும்புவீர்களா என்று கேட்கிறது. அந்த வரிசையைப் பாருங்கள். முதலில் மனசுக்குள் ஒரு நினைப்பு, பிறகு நோட்டம், கடைசியில் வாய். நீங்கள் நடுவில் உள்ளதைத் தாண்டி நேராக மூன்றாவதற்கே போய்விட்டீர்கள். 'பார்த்துக் கொடுங்கள்' என்றால் செவ்வாய்ப்பேட்டையில் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியாததா? கூலி வேலைக்காரருக்கு ஆஸ்தியே அவருடைய பேர்தான், அது போனால் எந்தப் பட்டறையிலும் அவர் கையில் வெள்ளி கொடுக்க மாட்டார்கள்.

எடை போடுவது வேறு சமாச்சாரம். குர்ஆனிலேயே ஆக நீளமான வசனம் பகரா அத்தியாயத்தின் 282வது வசனம், அது எதைப் பற்றியது தெரியுமா, கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது பற்றி. சின்னத் தொகையோ பெரிய தொகையோ, எழுதச் சலிப்படையாதீர்கள் என்று சொல்லி, நீங்கள் சந்தேகத்தில் விழாமல் இருக்க அதுதான் நெருக்கமான வழி என்று காரணமும் சொல்கிறது. அதாவது சந்தேகம் வந்த பிறகு கணக்குப் பார்க்கச் சொல்லவில்லை, சந்தேகம் வராமல் இருப்பதற்காகக் கணக்கு வைக்கச் சொல்கிறது. ஆகவே கொடுக்கும்போதும் வாங்கும்போதும் எடை போட்டு, இரண்டு பேர் நோட்டிலும் எழுதுங்கள். ஆனால் எல்லாருக்கும் அப்படிச் செய்யுங்கள், இவர் ஒருவருக்கு மட்டும் நோட்டு எடுத்தால் அதுவே ஒரு குற்றச்சாட்டு.

அப்புறம் அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேளுங்கள். அவருக்கு எந்த டிசைன் கொடுக்கிறீர்கள்? கண்ணி பொடிப்பொடியாக இருந்தால் பற்றவைப்பு அதிகம், அரம் போடுவதும் அதிகம், தூளாகப் போவதும் அதிகம். வெட்டின கம்பித் துண்டையும் அரத்தூளையும் திருப்பித் தருகிறாரா, தந்தால் அதைக் கழித்துத்தான் கணக்குப் பார்க்கிறீர்களா? இதையெல்லாம் கேட்டபிறகும் கணக்கு இடித்தால், வேறு வேலை கொடுங்கள் அல்லது வேலையை நிறுத்துங்கள், அது உங்கள் உரிமை. திருடன் என்று சொல்ல ஆதாரம் வேண்டும். பக்கத்துப் பட்டறைக்காரரிடம் இன்றைக்கே போய் 'நான் விசாரிக்காமல் சொல்லிவிட்டேன், மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள்' என்று சொல்லிவிட்டு வாருங்கள். சங்கடமாகத்தான் இருக்கும்.

கேள்வி: நாங்கள் ஏற்காட்டில் இருக்கிறோம். பக்கத்து வீட்டுப் பெண் சேலத்தில் ஒரு ஜவுளிக் கடையில் வேலை பார்க்கிறாள். ராத்திரியில் யாரோ ஒரு பையன் பைக்கில் கொண்டுவந்து இறக்கிவிட்டதைப் பார்த்துவிட்டு தெருவே பேசுகிறது. நான் எதுவும் பேசவில்லை, கேட்டுக்கொண்டிருக்கிறேன், அவ்வளவுதான். அதுவும் தப்பா?
– வாசகி, ஏற்காடு

பதில்: சகோதரி, நபிகள் நாயகத்தின் மனைவி ஆயிஷா நாயகி (ரலி) அவர்கள் பயணத்தில் தொலைந்த கழுத்து மாலையைத் தேடப் போனதில் படையை விட்டுப் பிந்திவிட்டார்கள், பின்னால் வந்த நபித்தோழர் ஸஃப்வான் (ரலி) தம் ஒட்டகத்தில் ஏற்றி, தாம் கயிற்றைப் பிடித்து நடந்து கொண்டுவந்து சேர்த்தார். மதீனா ஏறக்குறைய ஒரு மாதம் பேசியது. அங்கே ஒட்டகம், இங்கே பைக், மற்றபடி தெரு மாறவில்லை. அந்தப் பேச்சைக் கண்டித்து இறங்கிய நூர் அத்தியாயத்தின் 12வது வசனம், கட்டிவிட்டவர்களை மட்டும் அல்ல, கேட்டவர்களையும் பார்த்துத்தான் கேட்கிறது: கேள்விப்பட்டபோதே நல்லதாக நினைத்து, இது அப்பட்டமான பொய் என்று ஏன் சொல்லவில்லை?

சொன்னவர்களும் இருந்தார்கள். நபித்தோழர் அபூ அய்யூப் (ரலி) அவர்களிடம் அவர் மனைவி, ஜனங்கள் பேசுவதைக் கேட்டீர்களா என்றார். 'கேட்டேன், பொய். நீ அப்படிச் செய்வாயா?' 'மாட்டேன்.' 'ஆயிஷா உன்னைவிடச் சிறந்தவர்.' பேச்சு அதோடு முடிந்தது. உங்கள் வீட்டுத் திண்ணையிலும் இப்படி ஒருவர் வாய் திறந்தால் போதும். கடைசி பஸ்ஸை விட்ட பெண்ணை 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி ஒருவன் பத்திரமாக வீடு சேர்த்திருக்கலாம், அண்ணனாகக்கூட இருக்கலாம்.

இன்னொன்று. நபிகள் நாயகம் (ஸல்) ரமலானில் இஃதிகாஃப் (பள்ளிவாசலிலேயே தங்கி வணங்குவது) இருந்தபோது பார்க்க வந்த மனைவி ஸஃபிய்யா (ரலி) அவர்களை ராத்திரி வழியனுப்பப் போனார்கள், எதிரே வந்த இரண்டு அன்சாரிகள் (மதீனாவைச் சேர்ந்த தோழர்கள்) வேகமாக விலகிப் போனதைக் கண்டு, 'நில்லுங்கள், இவர் ஸஃபிய்யா' என்று தாமே சொன்னார்கள். எனவே அந்தப் பெண்ணின் வீட்டார் தாமாக ஒரு வார்த்தை சொன்னால் அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. ஆனால் அதைக் கேட்டு வாங்க தெருவுக்கு உரிமை கிடையாது.

கேள்வி: 'உன் சகோதரனுக்கு எழுபது சாக்குத் தேடு' என்பது ஹதீஸா? என் கூட்டாளி வாட்ஸ்அப்பில் பார்த்துவிட்டும் பதில் போடுவதில்லை, எத்தனை சாக்குத்தான் தேடுவது?
– வாசகர், அம்மாப்பேட்டை

பதில்: நபிமொழி இல்லை, முன்னோர்களில் ஒரு பெரியவரின் பேச்சாக வருவது. கருத்தில் குறை இல்லை. ஆனால் கூட்டாளிக்காக எழுபது வரைக்கும் எதற்குப் போகிறீர்கள், போன் போட்டுக் கேளுங்கள்.